ரோஜாப்பூவுக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு மணி நேரம்

மார்ச் மாதம் பிறந்தால் என் கைப்பேசி ஓயாது. எட்டாம் தேதி மகளிர் தினம். கம்பெனிகளில் காலையில் கோலப்போட்டி, பெண்களுக்கு ஆளுக்கொரு ரோஜா, சாயங்காலம் கேக். நடுவில் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறதே என்று யாருக்காவது ஞாபகம் வரும். உடனே ஹெச்.ஆரிலிருந்து அழைப்பு: “மேடம், போஷ் ட்ரெய்னிங் ஒண்ணு முடிச்சுக் குடுத்துருங்க. ஃபோட்டோவும் அட்டென்டன்ஸ் ஷீட்டும் இருந்தாப் போதும். அடுத்த வாரம் ஆடிட்டுங்க.”

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் பயிற்சி கொடுப்பது என் தொழில். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் பனியன் கம்பெனிகளும் நூல் மில்களும்தான் அதிகம். அவ்வப்போது சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனிகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். சில கம்பெனிகளின் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். தொழிற்சங்க வேலையிலிருந்து இதற்கு வந்தவள் என்பதால் முதலாளிகளுக்கு என்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. முதலாளிகளிடம் கட்டணம் வாங்குவதால் பழைய தோழர்களுக்கும் உண்டு.

இதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வருடம் டிசம்பர் 9ஆம் தேதி அமலுக்கு வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும், ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிலரங்கு நடத்த வேண்டும், குழு உறுப்பினர்களுக்குத் தனியாகப் பயிற்சி தர வேண்டும் என்று முதலாளியின் கடமைகளை அது அடுக்குகிறது. பயிலரங்கு எத்தனை மணி நேரம், எந்த மொழியில், என்ன பாடம், அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்றெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் எங்கள் சந்தை முளைத்தது. இருபது நிமிட வீடியோவும் பத்துக் கேள்வியும் இருந்தால் முடிந்தது என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓ.எம்.ஆர். பையன்கள் அந்த வீடியோவை ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிடுவார்கள். கேள்விகளுக்கான விடை வாட்ஸப் குழுவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். நூற்றுக்கு நூறு வாங்கிய சான்றிதழோடு ஒருவர் என் முன்னால் விசாரணைக்கு வந்து உட்கார்ந்ததும் உண்டு.

திருப்பூரில் பயிற்சிக்கு நாள் குறிப்பதே ஒரு பேரம். சனிக்கிழமை வேண்டாம் என்பேன். அன்றைக்கு வாரச் சம்பளம். எல்லோருடைய மனமும் கவரில் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைக்கிறோம் என்பார்கள். அதுவும் வேண்டாம், அது அவர்கள் நேரம். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவளை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தால் அவளுக்கு எத்தனை டஜன் நஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அதற்குக் கூலி போட்டுக் கொடுக்கிறீர்களா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுவேன். பாதி அழைப்புகள் இந்த இடத்திலேயே நின்றுபோகும். நின்றுபோனதில் எனக்கு வருத்தமில்லை. கூலியை இழந்துகொண்டு கேட்கிற பாடம் யார் மனதிலும் நிற்காது.

கூலிக்கு ஒப்புக்கொண்ட கம்பெனியில் என்ன நடக்கும்? கேன்டீன் தரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அவரவர் லைனோடு அவரவர். ஆண்கள் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நிற்பார்கள், எந்த நேரமும் நழுவிவிடலாம் என்கிற நிலையில். வாசலில் புரொடக்‌ஷன் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் அங்கே நிற்கிற வரைக்கும் ஒரு வாயும் திறக்காது. அவரைப் பக்குவமாக வெளியே அனுப்புவதுதான் என் முதல் வேலை. “சார், உங்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் தனியா ஒரு வகுப்பு இருக்கு, அதுல ஒங்க அனுபவம் வேணும்” என்பேன். இந்தச் சட்டப்படி தொடுவது மட்டுமல்ல, ஆபாசமாகப் பேசுவதும் படம் காட்டுவதும் தனக்கு இணங்கச் சொல்லிக் கேட்பதும் துன்புறுத்தல்தான் என்று சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகாது. அதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரியாதது, சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பது.

நான் எப்போதும் பன்வாரி தேவியில் தொடங்குவேன். ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்துக்காரர், குயவர் சாதி, அரசாங்கத்தின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப் பணியாளர். குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்கப் போனதற்காக 1992இல் அவரைக் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வேலையைச் செய்ததற்காக ஒரு பெண்ணுக்கு இது நடக்கிறதென்றால் வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13ஆம் தேதி விசாகா தீர்ப்பு வந்தது. பாராளுமன்றம் சட்டம் போடும் வரை அந்த நெறிமுறைகளே சட்டம் என்றது. சட்டம் வருவதற்கு மேலும் பதினாறு வருடம் ஆனது.

ஒருமுறை செக்கிங் பிரிவில் இருந்து ஒரு அம்மா கேட்டார்: “அந்தம்மா கேசு என்னாச்சுங்க்கா?”

1995இல் கீழ் நீதிமன்றம் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்துவிட்டது என்றேன்.

“அப்புறம் எதுக்குங்க நாங்க எழுதிக் குடுக்கோணும்?”

எந்த ஸ்லைடும் பதில் சொல்லாத கேள்வி இது. ஆனால் பயிற்சி என்பதே இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான். நான் சொன்னது இவ்வளவுதான். போலீஸ் கேஸ் வேறு, கம்பெனிக் குழு வேறு. குழுவில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் நிரூபிக்கச் சொல்ல மாட்டார்கள். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரைக்கும் அவன் முகத்தில் முழிக்காமல் இருக்க, வேறு லைனோ வேறு யூனிட்டோ நீ கேட்கலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம், அது உன் சொந்த விடுப்பில் கழியாது. உனக்கு எழுத வராவிட்டால் குழுவே எழுதித் தர வேண்டும். விதிப்படி புகார் ஆறு பிரதி வேண்டும், அதற்கு நீ ஜெராக்ஸ் கடை தேடி அலையக் கூடாது, ஹெச்.ஆர். எடுத்துத் தரட்டும். அந்த அம்மா தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, போதும் நிறுத்து என்றாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வகுப்பில் யாரும் தன் கதையைச் சொல்ல மாட்டார்கள். “எங்க பக்கத்து வூட்டுப் புள்ளைக்கு” என்று ஆரம்பிப்பார்கள். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கே பதில் சொல்வேன். உண்மையான பேச்சு வகுப்பு முடிந்த பிறகு, டிபன் பாக்ஸ் கழுவும் குழாயடியில் நடக்கும். அதனால் நான் அவசரமாகக் கிளம்ப மாட்டேன். அங்கே நின்று மெதுவாகக் கை கழுவுவேன். கார் காத்திருக்கிறது என்று ஹெச்.ஆர். பொண்ணு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போகும்.

சூப்பர்வைசர்கள் வகுப்பு வேறு மாதிரி. முதல் கால் மணி நேரம் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். “எங்களுக்கு ஒரு சட்டம் இல்லீங்களா?” “பொய்யாப் புகார் குடுத்தா?” இரண்டும் நியாயமான கேள்விகள்தான், நேராகப் பதில் சொல்வேன். இந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கும் உரிமை பெண்ணுக்கு மட்டும்தான். ஆண்களுக்கும் சேர்த்துக் கம்பெனி தன் விதியில் எழுதிக்கொள்ளலாம், எழுதச் சொல்லி முதலாளியிடம் நீங்கள் கேளுங்கள், நானும் கேட்கிறேன். பொய் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு கொடுத்த புகாருக்கு 14ஆம் பிரிவில் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே புகார் பொய் ஆகிவிடாது, அதையும் அதே பிரிவு சொல்கிறது. இந்தப் பாதியைச் சொல்லாமல் முன்பாதியை மட்டும் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டு வைத்திருக்கும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். அது எச்சரிக்கைப் பலகை, விழிப்புணர்வுப் பலகை இல்லை.

பிறகு தொழிலுக்கு வருவோம். புதிதாக வந்த பெண்ணுக்குப் பேட்லாக் பழக்குகிறார்கள். வழக்கமாக என்ன செய்வார்கள்? அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, இவர் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, துணியைப் பிடித்திருக்கும் அவள் கைமேல் கை வைத்துத் தள்ளிக் காட்டுவார். பதினெட்டு வயதுப் பெண். முன்னால் ஊசி ஓடுகிறது, பின்னால் இவர். திமிறவும் முடியாது.

“அப்படித்தானுங்க மேடம் எங்களுக்கும் பழக்கினாங்க. கையத் தொட்டுச் சொல்லிக் குடுத்தாத் தப்புங்களா?”

“முதலாளி மக மெஷின் பழக வருதுன்னு வச்சுக்குவோம். எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?”

கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். “தள்ளி நின்னுதானுங்க.”

எப்படித் தள்ளி நின்று சொல்லித் தருவது என்று அவர்களையே செய்துகாட்டச் சொல்வேன். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஒரு பீஸைத் தைத்துக் காட்டுவார்கள். பிறகு அவளைத் தைக்கச் சொல்லி, தையல் எங்கே கோணுகிறது என்று சாக்பீஸால் துணியில் கோடு போட்டுக் காட்டுவார்கள். எல்லாம் அவர்களுக்கு வரும். வகுப்பில் எனக்குப் பிடித்த நேரம் இது. சட்டப்பிரிவு எதுவும் பேசாமல் பாடம் முடிந்துவிடும். இது பனியன் கம்பெனி விஷயம் மட்டுமில்லை. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஐ.டி. கம்பெனி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெண் ஊழியர்களின் இருக்கைக்குப் பின்னால் நெருங்கி நின்றது மேற்பார்வை வேலைக்காக என்ற வாதம் அங்கேயும் வந்தது. செய்தவரின் எண்ணம் என்ன என்பதைவிட, அந்த நடத்தை அந்தப் பெண்ணுக்கு வேண்டாததாக இருந்ததா என்பதே முக்கியம் என்றது நீதிமன்றம்.

வட மாநிலப் பெண்கள் தங்கி வேலை செய்யும் மில்களில் வேறொரு சிக்கல். ஒடிசாப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. மொழிபெயர்க்க ஆள் தயாராக இருக்கிறார் என்பார்கள். ஒரு மில்லில் அப்படி வந்தவர் அந்தப் பெண்களைக் கூட்டிவந்த காண்ட்ராக்டரின் ஆள். நான் மூன்று நிமிடம் பேசினால் அவர் அரை நிமிடத்தில் முடித்தார். பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இரண்டு வருடமாக இருந்து தமிழ் பழகிய ஒரு பெண்ணிடம், அவர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். “ஒழுங்கா இருந்தா ஒண்ணும் வராதுன்னு மேடம் சொல்றாங்கன்னு சொன்னார்” என்றாள். மொழிபெயர்க்கிறவரை நான்தான் அழைத்து வருவேன், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்பது என் நிபந்தனைகளில் ஒன்று. இந்தச் சட்டத்தில் ஊழியர் என்றால் காண்ட்ராக்ட் ஆள், பயிற்சிக்கு வந்தவர், சம்பளமில்லாமல் வேலை செய்பவர் எல்லோரும் அடக்கம். கம்பெனி வேனும் பணியிடம்தான். இதை அந்தப் பெண்களுக்கு அவர்கள் மொழியில் சொன்னால், வேனில் முன்சீட்டில் யார் உட்காருவது என்பது பற்றி உடனே ஒரு கேள்வி வரும்.

ஆனால் இத்தனை வருடத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு ஒன்று உண்டு. தொழிலாளிக்குக் கொடுக்கும் பயிற்சியைவிடக் குழுவுக்குக் கொடுக்கும் பயிற்சிதான் முதலில் நடக்க வேண்டும். “புகார் கொடுங்கள்” என்று பெண்களைத் தூண்டிவிட்டு, அதை வாங்கிக்கொள்ளத் தெரியாத நாலு பேரிடம் அனுப்புவது பெரிய துரோகம். கம்பெனிகள் இதற்குத்தான் நேரம் ஒதுக்காது. குழுவின் தலைவி மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பல மில்களில் மூத்த பதவியில் பெண்ணே கிடையாது. வேறு யூனிட்டிலிருந்து நியமிக்கலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஹாஸ்டல் வார்டனைப் போட்டு வைத்திருப்பார்கள். வார்டனோ, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்களின் செல்போனைப் பிடுங்கி வைப்பவர்.

குழுவோடு உட்காரும்போது நான் ஒரு கற்பனைப் புகாரைக் கொடுத்து விசாரிக்கச் சொல்வேன். புகார் கொடுத்தவளாக நானே உட்காருவேன். முதல் கேள்வி எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான்: “ஏம்மா, அன்னைக்கே சொல்லலை?” இரண்டாவது, “நீ என்ன பண்ணினே?” மூன்றாவது, “வூட்டுக்காரருக்குத் தெரியுமா?” கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் மகளிடமும் இப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் வேறு விதமாகக் கேட்கப் பழக்குவேன். “என்ன நடந்துச்சுன்னு உன் வார்த்தையில சொல்லு, நாங்க நடுவுல பேச மாட்டோம்.” இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது குழு உறுப்பினர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஆண் உறுப்பினர்களைவிடப் பெண் உறுப்பினர்களுக்கு அது இன்னும் கஷ்டம். அறிவுரை சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

சமரசம் என்ற பிரிவு ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான் சமரசம், அதிலும் பணம் பேசக் கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். குழு அமைத்த மறுநாளே பஞ்சாயத்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நினைத்துக்கொள்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். ரகசியம் காப்பது அதைவிடச் சிரமம். பெயரை வெளியிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று விதி இருக்கிறது. அபராதத்தை நினைத்து எந்த ஊரிலும் வாய் நின்றதில்லை. புகார்ப்பெட்டியைச் சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே மாட்டி வைத்திருந்த ஒரு கம்பெனியில், “திருட்டுப் போகாம இருக்கத்தானுங்க” என்றார்கள். காலியாக இருந்த அந்தப் பெட்டியை யார் திருடப் போகிறார்கள்? கழட்டிப் பெண்கள் கழிவறை நடைபாதையில் மாட்டச் சொன்னேன்.

“எங்க கம்பெனியில இதுவரைக்கும் ஒரு புகார் கூட இல்லீங்க.” இதைச் சொல்லும்போது முதலாளிகள் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டுமே! நூற்றுக்கணக்கான பெண்கள், இரண்டு ஷிப்ட், பண்டிகை நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் வேலை, எல்லா லைனுக்கும் ஆண் சூப்பர்வைசர். அத்தனை வருடத்தில் ஒரு கெட்ட வார்த்தை கூட யாரும் பேசவில்லையாம். வருடாந்தர அறிக்கையில் வந்த புகார் இல்லை, முடித்த புகார் இல்லை, நிலுவை இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆடைகளை வாங்கும் பன்னாட்டு பையரின் ஆடிட்டர் அந்தத் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். என்னைக் கேட்டால், புகாரே வராத கம்பெனிக்குத்தான் ஆடிட்டர் இரண்டாம் முறை போக வேண்டும். 2025 ஜூலையிலிருந்து கம்பெனிகள் தங்கள் இயக்குநர் குழு அறிக்கையில் வந்த புகார், முடித்த புகார், 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருப்பது மூன்றையும் எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் எண்ணிக்கை வெளியே தெரியும் என்றவுடன் எண்ணிக்கையைக் குறைப்பதில் இறங்கிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. குழுவே அமைக்காத முதலாளிக்கு அபராதம் 50,000 ரூபாய். ஒருவர் என்னிடமே, “அவ்வளவுதானுங்களா?” என்று கேட்டார். அவருடைய மகளிர் தினச் செலவு அதைவிட அதிகம்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்டார். கொலை வழக்கு அவருடைய சூப்பர்வைசர் மேல். அந்தப் பெண் சேர்ந்திருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. கம்பெனியும் வெளிநாட்டு பையரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் லைனிலேயே கண்காணிப்பவர்களைத் தொழிற்சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது. வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற என்னைப் போன்றவளைவிட, பக்கத்து மெஷினில் தினமும் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி பெரியவள். சொல்வதற்கு அவள் வேண்டும், சொன்ன பிறகு கூட வருவதற்கும் அவள்தான் வேண்டும். என் தொழிலுக்கு ஆள் தேவைப்படாமல் போகிற அளவுக்கு இந்த ஏற்பாடு பரவினாலும் எனக்குச் சம்மதமே.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வேலையிடத்தில் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்கள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில், ஹெச்.ஆர். அறைக்கு உள்ளே ஒட்டியிருந்தால், தமிழில் வெளியே ஒட்டச் சொல்லுங்கள். வெளி உறுப்பினர் யார் என்று கேளுங்கள், பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் கவனியுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடை என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட நிர்வாகம் அமைக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. குழுவுக்குப் போவதால் போலீஸுக்குப் போகும் உரிமை போய்விடாது. எழுத்துப் புகாருக்குக் காலக்கெடு மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம். தொந்தரவு பல தடவை நடந்திருந்தால், கடைசியாக நடந்த நாளிலிருந்துதான் அந்த மூன்று மாதத்தை எண்ண வேண்டும்.